நாற்பத்து மூன்றாம் டிராலி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

சர்வர் அறையில் இடது பக்க அலமாரியின் இரண்டாவது தட்டில் என்னுடைய பழைய டைரிகள் இருக்கின்றன. வருட வரிசைப்படி அடுக்கியிருக்கிறேன். எடுத்தால் அதே இடத்தில் திருப்பி வையுங்கள். யுனிக்ஸ் இயந்திரத்தில் பேட்ச் போடுவதற்கு முன் பேக்கப் எடுப்பதற்கான கட்டளைகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை நான் இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. அதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் என்ன ஆகலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பதினாறு வருடங்களுக்கு முன் நடந்தது. அப்போது நம் ஹேச்சரி எருமப்பட்டிக்கு வெளியே பழைய கட்டடத்தில் இருந்தது. நான் சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். இயந்திரமும் ஒன்றுதான். முட்டைகளைச் சூட்டில் வைக்கும் செட்டர் அறைகள் நான்கு, அவற்றில் டிராலிகள் தொண்ணூற்றாறு, ஒரு டிராலியில் நாலாயிரத்துக்கும் மேல் முட்டை. எந்த டிராலி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, என்றைக்கு உள்ளே போனது என்பதெல்லாம் அந்த இயந்திரத்தில் இருந்தது. தினமும் காலையில் அது ஒரு பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும். இன்றைக்குப் பதினெட்டாம் நாளை எட்டிய டிராலிகள் இவை, இவற்றைப் பொரிக்கும் அறைக்கு மாற்றுங்கள் என்று. ஒரு நாள் தவறினால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குஞ்சு நம் பட்டியலைப் பார்த்து வெளியே வருவதில்லை. செட்டருக்குள்ளேயே பொரிந்தால் தட்டுகளுக்கு இடையில் நசுங்கிப் போகும்.

செட்டர் அறைகளுக்குப் பொறுப்பாளர் மாராயி. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அப்போதும் இப்படித்தான் இருந்தார். அதற்கு முந்தைய வருடம் ஒரு டிராலியை ஒரு நாள் பிந்தி மாற்றிவிட்டார். பாதிக் குஞ்சுகள் போயின. இன்னொரு முறை நடந்தால் தட்டுக் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு மாராயி என் பட்டியலை வாங்கிக்கொள்வார், ஆனால் ஒவ்வொரு செட்டர் கதவிலும் சாக்பீஸால் டிராலி எண்ணும் நாளும் தனியாக எழுதி வைப்பார். கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் டைரியில் குறித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் இயந்திரம் ஒரே மாதத்தில் இரண்டு முறை உறைந்து நின்றது. விற்ற கம்பெனிக்காரர்கள் அதன் மென்பொருளில் உள்ள குறையைச் சரிசெய்ய ஒரு பேட்ச் போட வேண்டும் என்றார்கள். அதற்குச் சில மணி நேரம் இயந்திரம் நிற்க வேண்டும். ஹேச்சரிக்கு விடுமுறை கிடையாது, ஆனால் அலுவலகத்துக்கு ஆயுத பூஜை அன்று அரை நாள் உண்டு. காலைப் பட்டியல் வந்த பிறகு, பூஜை தொடங்குவதற்கு முன் முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பூஜைக்குப் பிறகு முடியாது. பூஜை போட்ட கருவியை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது என்பது முதலாளி வீட்டு வழக்கம். லாரி, ஜெனரேட்டர், தராசு, சர்வர் எல்லாவற்றுக்கும் அதே சட்டம். சர்வரையும் அணைத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டே ஓய்வெடுக்க முடியாது என்பார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கன். ஆனாலும் என் இயந்திரத்தின் மேல் மற்றவர்கள் ஈரக் கையோடு வருவதை விட நானே வைத்துவிடுவது நல்லது என்று முதல் வருடமே பொறுப்பை வாங்கிக்கொண்டேன். அளவாக வைப்பேன். முன்பக்கத்தில் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, கீபோர்டுக்கு ஒன்று. முந்தைய வருடம் முதலாளி எட்டிப் பார்த்து, "டேப்புக்கு வெக்கலீங்களா? அதுதானுங்களே முக்கியம்னு சொல்லுவீங்க" என்றார். நியாயமான கேள்வி. இயந்திரத்தில் உள்ளதையெல்லாம் பிரதி எடுத்து வைக்கும் ஐந்து டேப்களுக்கும் ஒவ்வொன்று வைத்தேன். ஓரத்தில் வைத்தால் அழகாக இல்லை என்று நடுவில் வைத்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை ஏழு மணிக்கு நான் சர்வர் அறையில் இருந்தேன். கம்பெனி இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்து நாமக்கல்லில் தங்கி, ஏழரைக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். அவசரக்காரர். மதியம் அவருக்கு பஸ். நான் பேக்கப் ஓட்டினேன். பதினோரு நிமிடத்தில் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. டைரியில் நேரம் போட்டு, 'பேக்கப் சரி' என்று எழுதினேன்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் இன்ஜினியர்.

அப்போது மாராயி கதவருகே வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை. முகம் சரியில்லை.

"ஏனுங்க சார், கதவப் பாத்தீங்களா?"

நான் பார்த்திருந்தேன். பூஜைக்காக முந்தின நாள் மாலை நான்கு செட்டர் கதவுகளுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தது.

"என்ற எழுத்தெல்லாம் போச்சுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லல. நாப்பத்து மூணாம் டிராலி நாளைக்கு எறக்கோணுமா, நாளன்னிக்கான்னு எனக்கு ஒறப்பா தெரியலீங்க."

"நாளைக் காலைப் பட்டியல்ல வரும் மாராயம்மா."

"பொட்டிய இன்னைக்குப் பிரிக்கறீங்கன்னு சொன்னாங்க?"

"பிரிக்கிறதில்ல. பேட்ச் போடறோம். ஏதாவது ஆனாலும் எல்லாம் இந்த டேப்புல பத்திரமா இருக்கு." டேப்பைத் தூக்கிக் காட்டினேன்.

மாராயி டேப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ளார இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அப்ப நாப்பத்து மூணு எடுத்துக் காட்டுங்க. பாத்துப்போட்டுப் போயர்றேன்."

இன்ஜினியர் சிரித்தார். "அம்மா, டேப்புன்னா அப்படியெல்லாம் பிரிச்சுப் பார்க்கற சாமான் இல்லம்மா."

"பாக்க முடியாத சாமான எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்று டைரியில் இருக்கிறது. அவரை அனுப்பிவைப்பதற்காகத்தான் டேப்பைத் திரும்பப் போட்டு டிராலிகளின் கோப்பை மட்டும் எடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அதுவரை ஒன்பது வருடங்களில் நான் அப்படிச் செய்ததே இல்லை. இயந்திரம் சிறிது நேரம் கரகரவென்றது. படிக்க முடியவில்லை என்றது. மறுபடி கொடுத்தேன். படிக்க முடியவில்லை. முந்தைய நாள் டேப்பைப் போட்டேன். படிக்க முடியவில்லை. ஐந்து டேப்களும் முடிந்தபோது மணி எட்டு இருபது.

டார்ச் அடித்து டேப்பின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்த பொடி. என் பொட்டு. மூடி திறந்து மூடும் இடத்தில் நடுவில் வைத்திருக்கிறேன். அது உதிர்ந்து டேப்பிலும், டேப் ஓடும் கருவியின் தலையிலும் போய் உட்கார்ந்திருந்தது.

பிறகு டைரியைப் புரட்டினேன். முந்தைய ஆயுத பூஜை வரை பேக்கப் முடிய முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பதினோரு நிமிடம். அந்த இடத்தில் என் கையெழுத்தில், 'நேரம் குறைந்திருக்கிறது, முன்னேற்றம்' என்று குறிப்பு இருந்தது. பிழைச் செய்திகள் வந்திருக்காதா என்று கேட்பீர்கள். வந்திருக்கின்றன. திரையில் தேவையில்லாத வரிகள் ஓடுவது எனக்குப் பிடிக்காது என்பதால் அவற்றைத் தனியாக ஒரு கோப்புக்குத் திருப்பி விட்டிருந்தேன். அந்தக் கோப்பை நான் திறந்ததில்லை. 'முடிந்தது' என்று திரையில் வருவதற்கும் வேலை நடந்ததற்கும் தொடர்பில்லை. கடைசி வரியில் அப்படி எழுது என்று நான்தான் அதற்குச் சொல்லியிருந்தேன். அது எழுதியது. அந்த ஒரு வருடத்தில் 'பேக்கப் சரி' என்று முந்நூற்று நான்கு முறை எழுதியிருக்கிறேன். பிற்பாடு எண்ணினேன்.

"இல்லீங்களா?" என்றார் மாராயி.

"இல்லை."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. "எனக்குத் தட்டுக் கழுவறது கூட ஒண்ணுமில்லீங்க. உள்ளாரயே பொரிஞ்சு கத்துறது இருக்குதுங்களே, அதத்தான் கேக்க முடியாது" என்றார்.

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், நான் சொல்றதைக் கேளுங்க. பேட்ச் போட்டா டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. எத்தனையோ இடத்துல போட்டிருக்கேன். ஒரு தடவைகூடப் பிரச்சினை வந்ததில்ல. இன்னைக்கு விட்டா நான் திரும்ப வர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள இது மறுபடி உறைஞ்சா என்னைக் கேட்காதீங்க."

"பிரச்சினை வந்தா உங்களுக்குப் பஸ்ஸு இருக்குதுங்க. எனக்கு இங்கதானுங்க பொழப்பு" என்றார் மாராயி.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இன்ஜினியர் சொன்னது தவறில்லை. பேட்ச் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. போடாவிட்டால் இயந்திரம் உறையக்கூடும் என்பதும் உண்மை. எனக்கு முன்னால் இருந்தவை இரண்டு ஆபத்துகள். இவற்றில் ஒன்றைச் செய்தால் என் தவறு வெளியே தெரியாமலே போய்விடும். பேட்ச் போட்டு, அது நல்லபடியாக முடிந்து, டேப் கருவியைச் சத்தமில்லாமல் சுத்தம் செய்திருந்தால், மாராயியையும் இன்ஜினியரையும் தவிர யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த வழி எனக்கு எவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்பதை வைத்துத்தான் அது தவறான வழி என்று கண்டுபிடித்தேன்.

முதலாளியிடம் போனேன். அவர் புது வேட்டியில், லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சேவியர், வேல முடிஞ்சுதுங்களா? பத்தரைக்குள்ள பூசை போட்டாகோணும்."

"பேட்ச் போடலைங்க. பேக்கப் இல்லைங்க."

"இன்னைக்கு எடுக்கலீங்களா?"

"ஒரு வருசமா இல்லைங்க."

அவர் வாழைக்கன்றிலிருந்து கையை எடுத்தார். "தெனமும் எழுதுவீங்களே?"

"தினமும் எழுதினேங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். லாரி டிரைவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, "இப்ப என்ன பண்ணலாங்கறீங்க?" என்றார்.

"பத்தரைக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேப்பர்ல அச்சடிச்சுடறேங்க. பேட்ச் இன்னைக்கு வேண்டாம்."

"அந்தச் சென்னைக்காரர் சும்மா போவாருங்களா?"

"சும்மாதாங்க போகணும்."

அவர் தலையாட்டினார். சம்மதம் என்றும் கொள்ளலாம், உன்னைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றும் கொள்ளலாம். நான் முதலாவதாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது எங்களிடம் இருந்தது பெரிய தாள் ஓடும் பழைய ஊசி பிரிண்டர். மெதுவானது, ஆனால் பொய் சொல்லாது. எதை முதலில் அச்சடிப்பது என்று நான் கோப்புகளின் அகர வரிசையில் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். மாராயி இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன சார் எழுதறீங்க?"

"எந்த வரிசையில அச்சடிக்கறதுன்னு."

"நாளைக்குக் காலைல எது வேணுமோ அது மொதல்லீங்க. அப்பறம் நாளன்னிக்கு வேணுங்கறது. இதுக்கு எதுக்குங்க பேனா?"

பேனாவை மூடி வைத்தேன். தொண்ணூற்றாறு டிராலிகளும் முதலில் போயின. இரண்டு நிமிடத்தில் இரண்டு தாள். அதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் விரலை வரிசையில் ஓட்டி நாற்பத்து மூன்றில் நிறுத்தினார். நாளைக்கு.

"நான் நாளன்னிக்குன்னு நெனச்சிருந்தேனுங்க" என்றார். தாள்களை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு அவிழ்த்து, "இன்னொன்னு அடிங்க. இது நனைஞ்சா?" என்றார். இன்னொன்றும் அடித்தேன். சிறுவயதிலிருந்து ஒழுங்கு ஒழுங்கு என்று இருக்கும் எனக்கு இரண்டாவது பிரதி என்ற யோசனை அந்தக் காலை முழுவதும் வரவில்லை.

இன்ஜினியர் பத்து மணி வரை காத்திருந்தார். பிறகு ஒரு தாளில், 'வாடிக்கையாளர் மறுத்ததால் பேட்ச் போடப்படவில்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பொரியும் கடலையும் ஒரு கவரில் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கையெழுத்து என் பணிக்காலத்தில் நான் போட்ட சரியான கையெழுத்துகளில் ஒன்று.

பத்து இருபதுக்கு முதலாளி கற்பூரத் தட்டோடு வந்தார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சு கேட்டிருக்கும் பண்ணைகளின் விவரம் இன்னும் நாற்பது தாள் இருந்தது. பூஜை நேரத்தில் கருவி ஓடக்கூடாது. அவர் பிரிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாராயியைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க மொதலாளி" என்றார் மாராயி. "அது பாட்டுக்கு ஓடட்டும். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. குஞ்சுதான் கோவிச்சுக்கும்."

முதலாளி சர்வருக்குத் தீபம் காட்டினார். டேப்களுக்குக் காட்டினார். கொஞ்சம் தயங்கி, கரகரவென்று தாளைத் துப்பிக்கொண்டிருந்த பிரிண்டருக்கும் காட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசித் தாள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பதினொன்று ஐந்துக்கு நான் சர்வரை அணைத்தேன். அந்த வருடம் எந்த டேப்புக்கும் பொட்டு இல்லை.

மறுநாள் விஜயதசமி. காலை ஆறரைக்கு முதலாளி தேங்காய் உடைத்தார். நான் சர்வரின் சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. டிஸ்க் எழவில்லை. போன ஆயுத பூஜையிலிருந்து ஓய்வில்லாமல் சுழன்றுகொண்டிருந்த பழைய டிஸ்க், இந்த முறை ஒரு நாள் நின்றதும் திரும்பச் சுழல மறுத்துவிட்டது. அணைத்துப் போட்டேன். எழவில்லை. மூன்றாவது முறை முதலாளியே வந்து சுவிட்சைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். எழவில்லை.

வெளியே போனேன். செட்டர் வாசலில் மாராயி தாளோடு நின்றிருந்தார்.

"பட்டியல் வராதுங்களா?"

"வராது மாராயம்மா."

"செரிங்க" என்றார். உள்ளே திரும்பி, "ஏனுங்கொ, பன்னெண்டு, நாப்பத்து மூணு, நாப்பத்து நாலு, எழுவது. வாங்க, எறக்கலாம்" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார். டிராலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாற்பத்து மூன்று வரும்போது அவர் முட்டைத் தட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். மூன்று நாள் கழித்து அதில் குஞ்சுகள் வந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தன. சந்தன நிறம் என்று எனக்குத் தோன்றியது.

புது டிஸ்க் வர ஒன்பது நாள் ஆனது. வெறும் டிஸ்கில் பேட்ச் போடுவதைப் போல நிம்மதியான வேலை உலகத்தில் இல்லை. இழப்பதற்கு எதுவும் கிடையாது. அதே இன்ஜினியர்தான் வந்தார். முந்தைய முறை பேட்ச் போட்டிருந்தால் கடைசியில் கரண்டை நிறுத்தித்தான் எழுப்பியிருப்பேன், அப்போதும் டிஸ்க் எழுந்திருக்காது, எல்லோரும் என்னைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்றார். பழைய தாளில் 'வாடிக்கையாளர் மறுத்ததால்' என்ற வரியை அடித்துவிட்டு 'நல்லவேளையாக' என்று எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆவணம் ஆவணமாக இருக்கட்டும். பிறகு மாராயி எண் எண்ணாக வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். மூன்று நாள். இரண்டு இடத்தில் நான் தவறாக அடித்தேன். இரண்டையும் அவர் பிடித்தார். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு என் டைரியில் 'பேக்கப் சரி' என்ற வார்த்தை கிடையாது. நீங்கள் புரட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாராயி வந்து ஏதாவது ஒரு டிராலி எண்ணைச் சொல்வார். நான் அன்றைய பேக்கப்பிலிருந்து அந்த வரியை எடுத்துக் காட்டுவேன். அவர் வெளியே போய்த் தன் கதவில் உள்ள சாக்பீஸ் எழுத்தோடு ஒப்பிட்டுவிட்டு வந்து, டைரியில் ஓரமாக 'மா' என்று எழுதுவார். பேட்ச் போடும் நாளாக இருந்தால் மூன்று எண் கேட்பார். சில சமயம் இல்லாத டிராலி எண்ணைக் கேட்டிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டு என்பார். இருக்கிறது என்று நான் சொல்கிறேனா என்று பார்ப்பதற்கு.

டேப் போய்விட்டது. இப்போது நீங்கள் எடுக்கும் பேக்கப் எங்கோ வேறு ஊரில் உள்ள இயந்திரத்துக்குப் போகிறது. பொட்டு வைக்க வழியில்லை. அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். வேறு ஏதாவது ஒன்றை அழகாக நடுவில் வைப்பீர்கள். எதை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேலை வழக்கத்தை விடச் சீக்கிரம் முடிந்தால் மகிழ வேண்டாம். ஏன் என்று பாருங்கள்.

போன மாதம் நான் விருப்ப ஓய்வில் கிளம்பிய அன்று மாராயி வாசல் வரை வந்தார்.

"புதுசா வந்திருக்கற புள்ளைங்க பேக்கப்பு எடுக்கறாங்களாங்க?"

"எடுக்கறாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன்.

"செரிங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில் வருவார். நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். ஒரு எண் சொல்வார். எடுத்துப் பார்க்காமல் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.